பதினோராவது வளைவில் ஜெனோவா

“நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதாலதான் அவ இன்னும் வளைவுக்குள்ளயே இருக்கா, நீ வாயை மூடிட்டு நின்னிருந்தா அன்னிக்கே வீட்டுக்குப் போய்க் குளிச்சு சாப்பிட்டிருப்பா” என்று என் வீட்டுக்காரர் ஒன்பதாவது நாளாக, ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். நானும் ஒன்பதாவது நாளாகக் கேழ்வரகுக் கூழை வடிகட்டித் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டே, “முப்பத்தோரு வருஷம் இந்த மலையில பஸ் ஓட்டினீங்களே, பெத்த பொண்ணு வண்டியில ஒருபக்கமா தொங்கிட்டு வர்றது உங்க கண்ணுல படவே இல்லையா” என்று கேட்டேன். “பட்டுச்சு. நல்லா வந்தா. அதான் பேசாம இருந்தேன்” என்றார். அதற்கு மேல் அந்த மனிதரோடு பேச என்ன இருக்கிறது, சட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டோர அடுப்பை விட்டு அவள் பக்கம் நடந்தோம்.

அவள் என்றது எங்கள் ஒரே மகள் ஜெனோவாவை. வயது இருபத்து நான்கு, மலை மேலே எங்கள் ஊரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, நூற்றைம்பது சிசியில் நீல நிறத்தில் ஒரு சின்ன ரேஸ் பைக், சென்னைக்கு வெளியே இருக்கிற டிராக்கில் பெண்களுக்கு நடக்கப்போகிற ஒரு தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். நான் சிஸ்டர்களிடம் படித்தவள், தலையில் அட்லஸ் புத்தகத்தை வைத்து வராந்தா முழுக்க நடக்கவிட்டு ஆளை நிமிர்த்துகிற பள்ளிக்கூடம் அது, அங்கே நிமிர்ந்த முதுகு இன்றுவரை எனக்கு வளைந்ததில்லை. என் வயிற்றில் பிறந்தது தினமும் சாயங்காலம் ஹாலில் பைக்கை நிறுத்தி, “அம்மா, பத்து நிமிஷம் பின்னாடி பிடிச்சுக்கோ” என்று என்னை வாலைப் பிடிக்கவிட்டு, தான் மேலே ஏறிச் சாய்ந்து பழகும். மாவு பிசைந்த கையோடு நான் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவள் உட்காரும் இடத்தில் பாதியைச் சீட்டை விட்டு வெளியே தள்ளி, உள்பக்க முட்டியைத் தரையைப் பார்த்து விரித்து, வெளிப்பக்கத் தொடையால் டேங்கை இறுக்கி, முழங்கையை மடக்கி, தாடையைக் கண்ணாடிக்கு நேராகக் கொண்டுபோய், கைப்பிடியில் மட்டும் ஒரு பொட்டுக்கூட பாரம் போடாமல் தொங்குவாள். “மனுஷி மாதிரி நேரா உட்காரக் கூடாதா” என்று கேட்டால், “நான் சாயுறது வண்டி நிமிர்ந்து இருக்கிறதுக்கும்மா, நான் நேரா உட்கார்ந்தா வண்டிதான் ரொம்பச் சாயணும், ரொம்பச் சாஞ்சா வழுக்கும்” என்பாள். சாயும்போது தாரில் உரசுவதற்காக முட்டியில் கட்டுகிற வில்லையை என்னுடைய காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை அறுத்துச் செய்திருந்தாள், அதையும் நான் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மலைக்கு இருபத்து நான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் பலகையில் எண் உண்டு. பதினோராவது வளைவின் உள்மடிப்பில் முக்கோணமாகக் கொஞ்சம் இடம், ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், அன்னாசியைக் கீறி மிளகாய்த்தூள் தூவி விற்கிற செங்காயியின் கூடை. அந்தச் செங்காயிதான் சந்தையில் என்னைப் பார்த்து, “அக்கா, உன் பொண்ணு விடிஞ்சும் விடியாம வவ்வாலு மாதிரி தொங்கிட்டு ஏறி வருது, நீயே ஒரு நாள் வந்து பாரு” என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி அந்த முக்கோணத்தில், குழாயடியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், கீழே பத்தாவது வளைவில் அவளுடைய வண்டிச் சத்தம் கேட்டது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, சொன்னது சொன்னபடி உடம்பை இடது பக்கமாகத் தொங்கவிட்டு அவள் உள்ளே வந்தாள், வளைவின் நட்டநடுவில் அவள் என் காலடிக்கு எட்டடி தூரத்தில் இருந்தபோது நான், கத்தவில்லை, எங்கள் சிஸ்டர்கள் குற்றவாளியைக் கூப்பிடுகிற குரலில் தெளிவாக, “ஜெனோவா மரியா தைரியநாதன்” என்று முழுப் பெயரையும் கூப்பிட்டேன். ஹெல்மெட் திரும்பியது, அவள் கண்கள் என் கண்களைப் பிடித்தன, அதோடு வளைவு முடியாமல் போயிற்று.

அவள் விழவில்லை, நிற்கவும் இல்லை. இருந்த இடத்திலேயே சாய்ந்தபடி போய்க்கொண்டிருந்தாள், தையல் மெஷின் ஊசிக்கு அடியில் துணி நழுவிப்போவதைப் போல அவளுடைய சக்கரங்களுக்கு அடியில் ரோடு நழுவிப் போய்க்கொண்டே இருந்தது, முட்டி வில்லை தாரில் உரசுகிற சத்தம் தேங்காய் துருவுகிற சத்தமாக விடாமல் கேட்டது, பக்கத்தில் போனால் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு உரிய காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. செங்காயி கூடையை இரண்டு முழம் தள்ளி வைத்துக்கொண்டாள். பின்னால் ஏறி வந்த பஸ் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “எந்தப் பக்கமா ஒதுங்கட்டும்மா” என்று கேட்டார், வலது பக்கம் என்று கையைக் காட்டினேன், ஒதுங்கிப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்தது, மூன்றாவது நாளுக்குள் ஊருக்குப் பழகியும் போயிற்று. கண்டக்டர்கள் பதினோராவது வளைவு என்று சொல்வதை விட்டுவிட்டு, “ஜெனோவா இறங்குங்க, ஜெனோவா” என்று குரல் கொடுத்தார்கள், லாரிக்காரர்கள் இரண்டு ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிப் போனார்கள், ஏட்டு பழனிவேலு ஒரு தடுப்பைக் கொண்டுவந்து போட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் போட்டுக்கொண்டு, வளைவில் நிற்பவர்மேல்தான் வழக்குப் போட முடியும், போய்க்கொண்டிருப்பவர்மேல் போட இடமில்லை என்று விளக்கம் கொடுத்தார். எங்கள் மாதா கோயிலில் பூசை மன்றாட்டில் பிணியாளருக்கும் பயணிகளுக்கும் நடுவில் அவள் பெயரைச் சேர்த்தார்கள், மாரியம்மன் கோயில் பெண்கள் ஓரக் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், கணக்கு சொல்லித் தருகிற சிஸ்டர் பெர்னதெத் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பெரிய மரப் பாகைமானியை வைத்து அளந்து நாற்பத்தேழு பாகை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார், சேலத்திலிருந்து பைக் ஓட்டுகிறவர்கள் கூட்டமாக வந்து தரையில் உட்கார்ந்து அவளுடைய முழங்கை எங்கே இருக்கிறது, கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். ஆறாவது நாள் ஒரு மாப்பிள்ளை வீடுகூட வந்தது. முன்பே சொல்லிவைத்திருந்த சம்பந்தம், கார் கண்ணாடியை இறக்கி உள்ளே இருந்தபடியே பார்த்தார்கள், பையனின் அம்மா, “பொண்ணு கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கே” என்றாள். “உங்க பையன் நேரா உட்கார்ந்தே என்ன சாதிச்சிட்டான்” என்று கேட்டேன். கண்ணாடி ஏறியது.

ஹெல்மெட்டின் முகமறைப்பைக் கொஞ்சம் தூக்கி, நீண்ட உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டு, காலையும் மாலையும் நான் கூழ் கொடுத்தேன். அவள் குடிப்பாள், குடிக்கும்போதும் என்னையேதான் பார்ப்பாள். பேச்சு குறைந்துவிட்டது, மூச்சை எண்ணி வேலை செய்கிறவர்களைப் போல இரண்டு சொல், மூன்று சொல். “வலிக்குதாடி” என்றால் “தொடைதான்” என்பாள். “பயமா இருக்கா” என்றால் உறிஞ்சுகுழாயைக் கடித்துக்கொள்வாள். நான்காம் நாள் துணி துவைத்துப் போடலாம் என்று ஒரு மணி நேரம் வீட்டுக்குக் கிளம்பினேன், மேலே ஏறுகிற பஸ்ஸில் நான் ஏறி உட்காருவதற்குள் அவள் தலை என் பின்னாலேயே திரும்ப, வண்டி ஒரு ஆட்டம் ஆடியது பாருங்கள், கூட்டம் மொத்தமும் ‘அய்யோ’ என்று எழுந்தது, நான் குதித்து இறங்கி குழாயடிக்கே ஓடினேன். அன்றிலிருந்து யார் கிளம்பினாலும் இதே கதை, அவள் கண் அவர்களின் பின்னால் போகும், வண்டி நடுங்கும். அதனால் வந்தவர்கள் போகத் தயங்கினார்கள், போகத் தயங்கியவர்களுக்குச் சாமியானா போட வேண்டியதாயிற்று, சாமியானா போட்ட இடத்தில் இன்னும் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள், அந்த முக்கோணத்தில் கால் வைக்க இடமில்லாமல் முகம் முகமாக நிறைந்தது, எல்லா முகமும் அவளைப் பார்த்து.

பிடித்து நிறுத்தலாமே என்று சொல்லாத ஆள் இல்லை. கயிறு போடலாம், வைக்கோல் பரப்பலாம், எட்டுப் பேர் சேர்ந்து அமுக்கலாம். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும், வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தொட்டாலே வழுக்கும், வெளியிலிருந்து கை வைத்தால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். பொறுமைக்கு அவர், மற்றதற்கெல்லாம் நான், எங்கள் வீட்டில் அப்படித்தான் பிரிந்திருக்கிறது. டேங்கில் பெட்ரோல் முள் அசையவே இல்லை. ஆனால் டயர் தேய்ந்தது. அற்புதம் செய்கிறவர் இதில் மட்டும் ஏன் கஞ்சத்தனம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில் என் வீட்டுக்காரர் ரோட்டில் குப்புறப் படுத்து, பின்சக்கரத்தின் இடது ஓரத்தைப் பார்ப்பார். ஒன்பதாவது நாள் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல், “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும் லில்லி. அப்புறம் ரப்பர் போய் உள்ள இருக்கிற நூல் தெரிஞ்சிடும். நூல் தெரிஞ்சா நிக்காது” என்றார்.

அவளைக் கண்ணால் இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும் என்று எனக்குப் பட்டது. பார்க்கிற இடத்துக்குத்தானே வண்டி போகும், வண்டி வாங்கிய முதல் வாரத்தில் பலாப்பழ வண்டிமேல் போய் மோதிவிட்டு வந்தவளை, “கண்ணு எங்கடி இருந்துச்சு” என்று கேட்டபோது, “அதுமேலதாம்மா, மோதிடுவோமோன்னு அதையே பார்த்தேன், நேரா அதுக்கே போயிட்டேன்” என்றாளே. அப்படியானால் நான் நிற்கிற இடத்தை மாற்றினால் போதும். கூழ்ச்சட்டியைச் செங்காயியிடம் கொடுத்துவிட்டு, ஜெனோவாவின் கண்ணை விடாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்து, வளைவு முடிந்து ரோடு நேராகிற இடத்தில், நடு ரோட்டில் நின்றேன். “ஜெனோ, இங்க பாரு, அம்மாவைப் பாரு” என்றேன்.

பார்த்தாள். வண்டி நிமிர்ந்தது. ஒன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த உரசல் சத்தம் நின்றது, வளைவு அவளை விட்டது, அவள் நேராக, மிக நேராக, என்மேல் வந்தாள். நகர வேண்டும் என்று எனக்குத் தெரியும், நகரவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவள் கண்களைப் பார்த்தேன், ஐந்து வயதில் ஊசி போடப் போகும்போது இருந்த கண்கள். கைப்பிடி என் மார்புக்கு ஒரு கை தூரத்தில் இருந்தபோது அவள் என்னிடமிருந்து பார்வையைப் பிய்த்து அந்த முகக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள், வண்டி மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது, ரோடு பின்னோக்கி நழுவி அவளைக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தது, தேங்காய் துருவல் மறுபடி தொடங்கியது. நான் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து என்னைத் தூக்கிவிட்டு நடத்திக்கொண்டு போனபோது அவள் பேசினாள், இத்தனை நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான்.

“அம்மா, ஆளைக் காட்டாத. ஆளைக் காட்டினா ஆள்மேலதான் வருவேன். ரோட்டைக் காட்டு.”

அன்று முழுக்க நான் யாரிடமும் சண்டை போடவில்லை, ஊர் அதைக் கவனித்தது. சாயங்காலம் ஏட்டின் நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

“நாளைக் காலையில எல்லாரும் இவளுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கணும்” என்றேன். “யாரும் போகக் கூடாது. போனா பின்னாடியே பார்ப்பா. நின்ன எடத்துல அப்படியே திரும்பிக்கணும். பாக்குறதுக்கு ஒரு முகம்கூட இல்லேன்னாதான் அவ ரோட்டைப் பார்ப்பா.”

“விழுந்துட்டா யாரும்மா பாக்குறது” என்றார் ஏட்டு.

“பார்த்துக்கிட்டே இருந்தா விழாம இருப்பாளா? டயரை நீங்க பார்த்தீங்களா?”

“அது இல்லம்மா. ஒம்போது நாளா உக்காந்திருக்கோம். அவ வெளியே போறதைப் பாக்கத்தான உக்காந்திருக்கோம். கடைசியில முதுகைக் காட்டச் சொன்னா எப்படி?”

“நானும் அக்காவும்தான் மொதல்ல இருந்து இங்க நிக்கிறோம்” என்றாள் செங்காயி. “அக்காவே திரும்பிக்குதுன்னா உனக்கு என்னய்யா, உன் மூஞ்சியைப் பாக்கவா பொண்ணு சுத்திட்டு இருக்குது?”

சிரித்தார்கள், சிரித்த பிறகு ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். சேலத்துக்காரர்கள் தங்கள் பைக் கண்ணாடிகளை மடக்கிவைத்தார்கள். மேலிருந்து வருகிற வண்டிகளைப் பன்னிரண்டிலும் கீழிருந்து வருகிறவற்றைப் பத்திலும் நிறுத்திவிடுவதாக ஏட்டு ஏற்றுக்கொண்டார், பஸ் கண்ணாடிகளில் துண்டு கட்டச் சொல்வதாகவும் சொன்னார்.

பத்தாவது நாள் காலை ஆறரைக்கு வெயில் வளைவில் இறங்கியது. கூழ் கொடுத்தேன், பாதிதான் குடித்தாள். முகமறைப்பை இறக்குவதற்கு முன்னால் அவளிடம் சொன்னேன்.

“நாங்க திரும்பிக்கிறோம் ஜெனோ. நீ முடிச்சிட்டுப் போற வரைக்கும் ஒருத்தரும் உன்னைப் பார்க்க மாட்டோம்.”

“நீயுமா?”

“நானும்தான்.”

“நீ பார்ப்ப.”

“பார்க்க மாட்டேன்.”

“நான் ஸ்கூலுக்குப் போறப்பவும் இப்படித்தான் சொல்லுவ. தெருமுனையில திரும்பினா மாடியில நிப்ப.”

ஆணையிட்டுச் சத்தியம் செய்வது பாவம் என்று சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் தோளில் கை வைத்து, காற்று கையைப் பிடுங்கப் பார்க்க, கர்த்தர்மேல் சத்தியமாகத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சொன்னேன். முகமறைப்பை இறக்கினேன். தாடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தளர்ந்திருந்த வெளிப்பக்கத் தொடையை டேங்கோடு இறுக்கிக்கொண்டாள், ஹாலில் செய்ததைப் போலவே. பிறகு நான் குழாயடிக்கு நடந்துபோய், பாறைப் பக்கம் திரும்பி நின்றேன்.

நூற்று அறுபது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் திரும்பினார்கள். சாமியானாவுக்கு அடியில் நின்றவர்கள், ஓரச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள், சிஸ்டர் பெர்னதெத்தும் பிள்ளைகளும், மஞ்சள் கயிறு கட்டிய பெண்கள், மேல் ரோட்டில் நிறுத்தப்பட்ட பஸ்ஸில் இருந்த பயணிகள், எல்லோரும் மலையைப் பார்த்து, பாறையைப் பார்த்து, பாசியைப் பார்த்து நின்றார்கள், இருமல்கூட இல்லை, என் வாழ்நாளில் நம் ஜனம் இத்தனை பேர் சேர்ந்து ஒரு விஷயத்தைப் பார்க்காமல் நின்று நான் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார்.

“நான்தான் கூப்பிட்டேன்” என்றேன், பாறையிடம்.

“தெரியும். பேசாம நில்லு” என்றார்.

உரசல் சத்தம் இருந்தது. நெடுநேரம் அது மட்டுமே இருந்தது, பார்க்காமல் கேட்கும்போது அது என் தோலிலேயே உரசுவதுபோல இருந்தது, அவள் இப்போது எங்கே பார்க்கிறாள், என் முதுகையா, என் கொண்டையையா, சேலையில் சுருக்கு இருந்து அதையா என்று நினைத்து நான் மூச்சைக்கூட ஆடாமல் விட்டேன், திரும்பு திரும்பு என்று கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக என்னைப் பிடித்து இழுத்தது, இருபத்து நான்கு வருஷம் அந்தப் பக்கமே திரும்பியிருந்த கழுத்து, அதை நான் பாறையில் ஒரு வெள்ளைக் கீறலில் கட்டிப்போட்டேன். பிறகு உரசல் மெலிந்தது. ஒரு மூச்சு நேரம் விட்டது, மறுபடி தொட்டது, மறுபடி விட்டது. பிறகு இல்லை. சத்தம் இல்லாத அந்த இடத்தில் ஒரு நொடி எதுவுமே இல்லை, இன்ஜின்கூட இல்லை, செங்காயி பக்கத்தில் “ஆத்தா” என்று உதட்டுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அப்புறம் இன்ஜின், எனக்கு வலப்பக்கம், முதலில் தாழ்வாக, பிறகு வேகத்தைத் திருகித் திறக்கத் திறக்க ஏறி, ஒரு கியர், இன்னொரு கியர், பன்னிரண்டாவது வளைவின் பக்கமாக ஏறிக்கொண்டே போனது. அது அவளுடைய வண்டியாகத்தான் இருக்க வேண்டும். இன்ஜின் சத்தத்துக்கு முகம் உண்டா என்ன, அது தனியாகவும் ஓடும், எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும், நான் வாலைப் பிடித்தவள்தானே.

மலை அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு விட்டுவிட்டது. குருவிகள் கத்தின. குழாயில் தண்ணீர் சொட்டியது. சத்தியம் செய்தவள் நான், அதனால் நான் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றேன், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. அவர் தோள் என் தோளை விட்டு விலகவில்லை. நூற்று அறுபது பேரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி அசையாமல் நின்றார்கள்.

“ஏங்க” என்றேன். “நீங்க சத்தியம் பண்ணலையே. லேசாத் திரும்பி, ரோடு காலியா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”